குதிக்கிற ஃபோல்டர், தண்ட ஃபார்மட், கடைசில ஓபன் ஷெல்: ஒரு டிடிபி கடைக்காரனோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது ஓபன் ஷெல்னு இலவசமா கிடைக்கிற ஒரு குட்டி சாஃப்ட்வேர் பத்தின ரிவ்யூ, அதுலயும் அந்த சாஃப்ட்வேர்ல இருக்கற நூத்துக்கணக்கான ஆப்ஷன்ல ஒரே ஒரு டிக் பத்தி. அந்த ஒரு டிக் தெரியாம நான் 1,200 ரூபா செலவு பண்ணி, பாண்டிக்கு ரெண்டு தடவ அலைஞ்சி, ஒரு ஆயாகிட்ட திட்டும் வாங்குனேன், அதனால கொஞ்சம் நீளமாதான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

கடலூர் திருப்பாப்புலியூர்ல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாண பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், தேர்தல் வந்தா நோட்டீஸ், இல்லன்னா பில் புக், இதான் பொழப்பு. கடையில ரெண்டு மெஷின். ஒண்ணு விண்டோஸ் 10 லேப்டாப், வாட்ஸப்ல வர்ற போட்டோ எறக்கறது, மெயில் அனுப்பறது எல்லாம் அதுல. இன்னொண்ணு விண்டோஸ் 7 டெஸ்க்டாப். 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சப்ப கடைக்குள்ள தண்ணி பூந்து பழைய மெஷின் போச்சி, அதுக்கு பதிலா 2012ல வாங்குனது இது. "இன்னுமா 7 வச்சினு இருக்க"ன்னு கேக்காதவங்க கிடையாது. அதுக்கு சப்போர்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிஞ்சிதுன்னு எனக்கும் தெரியும். ஆனா பத்திரிகை டிசைன் பண்ற பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு முன்னாடி வந்த தமிழ் ஃபான்ட், அதுக்கு ஒரு டாங்கிள் (சொருவி வச்சாதான் ஃபான்ட் ஓடும், சாவி மாதிரி), பதிமூணு வருஷ கஸ்டமர் ஃபைல், எல்லாம் அதுல பிசிறில்லாம ஓடுது. புது மெஷின்ல டாங்கிள் டிரைவர் ஏற மாட்டேங்குது. அதனால நெட் வயரே சொருவாம ஓரமா வச்சி ஓட்டறேன், பென் டிரைவ்கூட லேப்டாப்ல ஸ்கேன் பண்ணிட்டுதான் இதுல போடறது.

இப்ப வியாதிக்கு வரேன். எக்ஸ்ப்ளோரர் திறந்தா இடது பக்கம் ஃபோல்டரெல்லாம் மேலருந்து கீழ வரிசையா நிக்கும் இல்ல, நேவிகேஷன் பேன்னு சொல்றாங்களே, அதுல ஒரு ஃபோல்டரை க்ளிக் பண்றோம், அது விரியுது, சரி உள்ள இருக்கறத பாக்கலாம்னு அடுத்த க்ளிக்குக்கு கை போகும்போது மொத்த லிஸ்ட்டும் ஒரு எகிறு எகிறி, நம்ம க்ளிக் பண்ண ஃபோல்டர் அடியில கடைசி வரியில போய் உக்காந்துக்கும். நான் அதை விரிச்சதே உள்ள இருக்கற சப் ஃபோல்டர பாக்கத்தான், அதெல்லாம் இப்ப அடிவரிக்கும் கீழ, கண்ணுக்கு தெரியாத இடத்துல. மறுபடி வீல உருட்டி மேல கொண்டாரணும். அடுத்த ஃபோல்டர க்ளிக் பண்ணா மறுபடி எகிறும். உடனே எகிறுனாலும் பரவால்ல, ஒரு செகண்ட் மாதிரி சும்மா இருந்துட்டு, நம்ம கை அடுத்த க்ளிக்குக்கு எறங்கற நேரம் பாத்து எகிறும், அதுதான் கொடுமை. பஸ்ஸுல ஏற கால வைக்கும்போது டிரைவர் நகத்துவாரே, அந்த மாதிரி.

பத்து ஃபோல்டர் வச்சிருக்கறவங்களுக்கு இது தெரியவே தெரியாது, லிஸ்ட் பேனுக்குள்ள அடங்கிடும், எகிற வேண்டிய அவசியமே இல்ல. என் மெஷின்ல வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள வகைக்கு ஒண்ணு, அதுக்குள்ள ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒண்ணு. ஒரு முகூர்த்த மாசம்னா அறுபது எழுபது சேந்துடும். நாள் முழுக்க அந்த லிஸ்ட்லதான் என் கண்ணும் கையும்.

இத வருஷக்கணக்கா சகிச்சினுதான் இருந்தேன், போன ஆவணி வரைக்கும். அன்னிக்கி ஒரு குடும்பம் வந்தாங்க, புருஷன் பொண்டாட்டி, இடுப்புல குழந்த, கூட ஒரு ஆயா. பேரனுக்கு காதுகுத்து, மூத்த பேரனுக்கு 2019ல என்கிட்டதான் பத்திரிகை அடிச்சிருக்காங்க, அதே டிசைன் வேணும், பேர மட்டும் மாத்துன்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம், அரை மணி நேர வேலை, பழைய ஃபைல திறந்து பேர மாத்துனா முடிஞ்சிது. நாலு பேரும் மானிட்டர பாத்தபடி உக்காந்திருக்காங்க. 2019அ விரிச்சேன். கண்ணீர் அஞ்சலி ஏற்கனவே விரிஞ்சி கிடந்துது, காலையில ஒருத்தருக்கு நினைவு நாள் போஸ்டர் எடுத்திருந்தேன். அதுக்கு கீழ காதுகுத்து. காதுகுத்த க்ளிக் பண்ணிட்டு, விரிஞ்சதும் அவங்க பேர்ல இருக்கற ஃபோல்டர் மேல கர்சர கொண்டு போறேன், போய் அமுத்தற அந்த செகண்ட்ல லிஸ்ட் எகிறிடுச்சி. காதுகுத்து அடியில போச்சி, அதுக்கு மேல இருந்ததெல்லாம் கர்சருக்கு கீழ வந்துது. அமுத்துனது யாரோ ஒரு பெரியவரோட அஞ்சலி ஃபோல்டர். வலது பக்கம் பெரிய பெரிய தம்ப்நெயில், மாலை போட்டு குத்துவிளக்கு வச்சி எட்டு படம். "இமயம் சாய்ந்தது"ன்னு கொட்டை எழுத்துல.

ஒரு நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் ஆயாதான், "ஏம்பா, புள்ளைக்கு காது குத்தலாம்னு நல்ல நாள் பாத்து வந்தா, எதத் தெறந்து காட்ற நீ?" ன்னுச்சி. நான் "இல்ல ஆயா, கம்ப்யூட்டர் தானா எகிறுது"ன்னேன். சொல்லும்போதே எனக்கு தெரிஞ்சிது அது எவ்ளோ கேவலமான பதில்னு. "கம்ப்யூட்டரு எகிறுதா, நீ எகிறுனியா"ன்னு கேட்டுட்டு எழுந்திரிச்சிடுச்சி. அந்த புருஷன்காரன் பாவம், "நாளைக்கி வரோம்ணா"ன்னான். வரல.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இத சரி பண்ணாம விடறது இல்லன்னு. கடலூர்ல எனக்கு வழக்கமா பாக்கற ஆளு ஊர்ல இல்ல, அதனால பாண்டியில ஒரு சர்வீஸ் கடைக்கு போனேன். பேர் வேணாம். பைக் பின்னால சிபியூவ கோணிப்பையில சுத்தி கட்டினு, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஹார்டு டிஸ்க்க நெனச்சி வயித்துல புளி கரைச்சினு போய் சேந்தேன். அங்க இருந்த தம்பி அஞ்சு நிமிஷம் பாத்தான். நான் ஃபோல்டர் எகிறுறத காட்டறேன், அவன் மவுஸ் வீல ஆட்டி பாக்கறான். "அண்ணா வீல் போச்சி, மவுஸ் மாத்தணும், அதோட ஓஎஸ் கரப்ட், ஃபார்மட் அடிச்சாதான் சரி வரும்." மவுஸுக்கு 400, ஃபார்மட்டுக்கு 800. டேட்டா டி டிரைவ்ல இருக்கு, தொடாதன்னு மூணு தடவ சொல்லிட்டு வந்தேன். அத தொடல, அந்த புண்ணியம் அவனுக்கு சேரட்டும்.

ரெண்டு நாள் கழிச்சி எடுத்தாந்தேன். வர்ற வழியில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல நிறுத்திட்டாங்க. பாண்டியிலருந்து வர்ற பைக், பின்னால கோணிப்பையில பெட்டி, யாரா இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வாங்க. "என்னய்யா உள்ள?" "சிபியூ சார்." "அவுரு." அவுத்தேன். சைடு மூடியயும் கழட்ட சொன்னாரு, ஸ்க்ரூ டிரைவர் இல்லன்னேன், ஆட்டி பாத்தாரு, குலுங்கற சத்தம் வரல, போன்னுட்டாரு. குடிக்கவும் இல்ல, கொண்டாரவும் இல்ல, கூட்டத்துல நின்னு கோணி அவுக்கற மானக்கேடு மட்டும் மிச்சம்.

கடைக்கு வந்து ஆன் பண்ணா, எகிறல. ஒரு நாள் முழுக்க எகிறல. சரி, காசு போனாலும் வேலை ஆச்சின்னு நெனச்சேன். ஃபான்ட்டெல்லாம் ஒண்ணொண்ணா மறுபடி போட்டேன், டாங்கிள் டிரைவர் சிடிய தேடி எடுத்தேன் (பரண் மேல, பொங்கல் வாழ்த்து அட்டைக்கு நடுவுல), பேஜ்மேக்கர்ல டெம்ப்ளேட் பாத் மாத்துனேன், அப்படியே என் வழக்கமான செட்டிங் எல்லாத்தையும் போட்டேன். மறுநாள் காலையில எகிறுது, அதே ஒரு செகண்ட், அதே அடிவரி. புது மவுஸு, புது ஓஎஸ்ஸு, பழைய எகிறு.

எங்க அக்கா பையன் ஒருத்தன் பாண்டியில காலேஜ் படிக்கிறான், சனி ஞாயிறு வீட்டுக்கு வருவான். அவன்கிட்ட பொலம்புனேன். அவன் உக்காந்து எதயும் தொடாம, "மாமா, நீங்க வழக்கம் போல வேல செய்யுங்க, நான் பாக்கறேன்"ன்னான். செஞ்சேன். எகிறுச்சி. "இப்ப மவுஸ் வீல்லருந்து கைய எடுத்துட்டு செய்யுங்க." எடுத்தேன், எகிறுச்சி. "இப்ப மவுஸே வேணாம், கீபோர்டுல செய்யுங்க." ரைட் ஏரோ அமுத்துனா விரியும், லெஃப்ட் ஏரோ அமுத்துனா மூடும், டவுன் ஏரோல எறங்கலாம், எனக்கு அதுவே அன்னிக்குதான் தெரியும். எறங்கி போனா அப்பவும் லிஸ்ட் தன் இஷ்டத்துக்கு நகருது. "மவுஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மாமா. ஃபார்மட் பண்ணப்புறம் ஒரு நாள் சரியா இருந்துச்சின்னீங்களே, அதுக்கப்புறம் என்ன மாத்துனீங்க?"

ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் திறந்தான். முதல் டேப்லயே நேவிகேஷன் பேன்னு ஒரு கட்டம், அதுல ரெண்டு டிக் பாக்ஸ். ஒண்ணு எல்லா ஃபோல்டரயும் காட்டறது. இன்னொண்ணு, வலது பக்கம் நம்ம எந்த ஃபோல்டர்ல இருக்கமோ அதுவரைக்கும் இடது பக்கம் லிஸ்ட் தானா விரிஞ்சி கூடவே வர்றது. ரெண்டாவதுல என் டிக் இருந்துது. புதுசா போட்ட விண்டோஸ் 7ல அது டிக் இல்லாமதான் இருக்கும், நான்தான் பழக்கதோஷத்துல போட்டிருக்கேன். அந்த டிக்க எடுத்தான், எகிறு நின்னுச்சி. அதாவது அந்த ஒரு நாள் சரியா இருந்தது ஃபார்மட் பண்ணதால இல்ல, டிக் போனதால. நான் 800 ரூபா குடுத்து ஒரு டிக்க எடுத்திருக்கேன், அப்புறம் நானே இலவசமா போட்டுகினேன்.

ஆனா எனக்கு அந்த டிக் வேணும். வலது பக்கம் உள்ள உள்ள போயிட்டே இருக்கும்போது இடது பக்கம் நான் எங்க இருக்கேன்னு காட்டலன்னா, 2019ல இருக்கனா 2021ல இருக்கனான்னே தெரியாம தப்பு ஃபைல எடுத்துடுவேன், எல்லா வருஷத்துலயும் காதுகுத்துன்னு ஒரு ஃபோல்டர் இருக்கே. பழைய விண்டோஸ் எக்ஸ்பில எல்லாம் லிஸ்ட் ஒழுங்கா கூட வரும், எகிறாது. 7ல வந்தப்பதான் இந்த கோணல். இது ஊருக்கே தெரிஞ்ச கோணல்தானாம், என் மெஷினோட தனி வியாதி இல்ல, பையன் ரெண்டு நிமிஷத்துல தேடி காட்டிட்டான். பாண்டி தம்பிக்கும் ரெண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

இப்பதான் ஓபன் ஷெல் வருது. இதோட பூர்வீகம் கிளாசிக் ஷெல், ஐவோ பெல்ட்செவ்னு ஒருத்தர் 2009ல ஆரம்பிச்சது, அதாவது விண்டோஸ் 7 வந்த அதே வருஷம். புது விண்டோஸ்ல காணாம போன பழைய சௌகரியத்த எல்லாம் திருப்பி கொண்டாரறதுதான் அதோட வேல. நெறைய பேருக்கு இது பழைய ஸ்டார்ட் மெனு குடுக்கற சாஃப்ட்வேர்னுதான் தெரியும், 8ல ஸ்டார்ட் பட்டனயே தூக்குனப்ப ஊரே இத தேடி போட்டுச்சி. ஆனா அதுக்குள்ளயே கிளாசிக் எக்ஸ்ப்ளோரர்னு தனியா ஒரு பகுதி இருக்கு, அத சீந்தறவங்க கம்மி. விண்டோஸ் 7 எக்ஸ்ப்ளோரர்ல எதெது உடைஞ்சிருக்கோ அதெல்லாம் சரி பண்றேன்னு ஒரு பட்டியலே அவரு போட்டிருந்தாரு, அதுல இந்த எகிறுற ஃபோல்டரும் ஒண்ணு. 2017 டிசம்பர்ல, இனிமே என்னால முடியலன்னு சொல்லி சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோட எல்லாருக்கும் திறந்து குடுத்துட்டாரு, அத எடுத்து வேற ஆளுங்க சேந்து நடத்தறதுதான் ஓபன் ஷெல். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது.

எறக்கறதுல மட்டும் உஷாரா இருங்க. சாஃப்ட்வேர் எழுதறவங்க கோட் போட்டு வைக்கற கிட்ஹப்னு ஒரு சைட்டுல, ஓபன் ஷெல்லோட சொந்த பக்கத்துல இருக்கறத மட்டும் எடுங்க, தேடுனா முதல்ல வர்ற பெரிய பச்சை பட்டன அமுத்தாதீங்க. சும்மா பயமுறுத்தல, 2016 ஆகஸ்ட்ல கிளாசிக் ஷெல் எறக்கற எடத்துலயே எவனோ ஹேக் பண்ணி பூந்து இன்ஸ்டாலர மாத்தி வச்சிட்டான், அத ஓட்டுனவங்களுக்கு டிஸ்க்ல பூட் ஆகற பகுதியே அழிஞ்சி, ரீஸ்டார்ட் பண்ணா மெஷின் எழுந்திரிக்கல. கொஞ்ச நேரத்துல கண்டுபிடிச்சி சரி பண்ணிட்டாங்கதான், ஆனா என் மாதிரி பேக்கப்ப "நாளைக்கி எடுக்கலாம்"னு தள்ளி போடறவனுக்கு அந்த கொஞ்ச நேரம் போதும். நாங்க லேப்டாப்ல எறக்கி பென் டிரைவ்ல கொண்டாந்தோம்.

இன்ஸ்டால் பண்ணும்போது நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போகாதீங்க. நடுவுல எதெது வேணும்னு கேக்கும், எக்ஸ்ப்ளோரர், ஸ்டார்ட் மெனு, பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒண்ணு, இப்படி வரும். எல்லாத்தயும் விட்டீங்கன்னா மெனுவும் மாறி, வீட்ல மத்தவங்க "கம்ப்யூட்டருக்கு என்னாச்சி"ன்னு கேப்பாங்க. எக்ஸ்ப்ளோரர மட்டும் வச்சிகினு மத்தத சிவப்பு பெருக்கல் குறி போட்டு விட்டோம். முடிஞ்சதும் திறந்திருந்த எக்ஸ்ப்ளோரர் விண்டோ எல்லாத்தயும் மூடிட்டு புதுசா திறக்கணும், இல்லன்னா ஒண்ணும் மாறலையேன்னு நெனச்சி நம்மளே எடுத்துடுவோம். செட்டிங் திறந்தா முதல்ல கொஞ்சம்தான் காட்டும், மேல எல்லா செட்டிங்கயும் காட்டறதுக்கு ஒரு டிக் இருக்கு, அத போட்டா டேப் டேப்பா வந்து கண்ண கட்டும். நமக்கு வேண்டியது நேவிகேஷன் பேன்னு இருக்கற டேப் மட்டும். லிஸ்ட் எகிறாம நிறுத்தறது அங்கதான் இருக்கு, அந்த ஃபோல்டர் லிஸ்ட்ட எக்ஸ்பி மாதிரி காட்டறதும் அங்கதான். போட்டுட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல அந்த பழைய டிக்கயும் மறுபடி போட்டோம்.

2019, விரிஞ்சிது. கண்ணீர் அஞ்சலி, விரிஞ்சிது. காதுகுத்து, க்ளிக் பண்ணிட்டு கைய எடுத்து மடியில வச்சிகினேன். ஒரு செகண்ட். ரெண்டு செகண்ட். அங்கயே நிக்குது. உள்ள இருக்கற பேரெல்லாம் அதுக்கு நேர் கீழ வரிசையா. பையன் சிரிக்கறான், "மூச்சு விடுங்க மாமா"ன்னான். அப்புறம் அவன் டீ குடிக்க போனப்புறம் நானும் சும்மா பத்து பதினஞ்சி ஃபோல்டர விரிச்சி மூடி விரிச்சி மூடி பாத்துகினே இருந்தேன், யாராச்சும் பாத்திருந்தா ஆளுக்கு என்னமோ ஆச்சின்னு நெனச்சிருப்பாங்க.

எகிறுக்கு மேல ரெண்டு லாபம் கெடச்சிது. ஒண்ணு, மேல் ஃபோல்டருக்கு போற பட்டன். 7க்கு முன்னாடி வந்த விஸ்டாவுல எடுத்துட்டாங்க, 7லயும் இல்ல, 8லதான் திரும்ப வந்துது, நடுவுல மாட்டுன நம்மளுக்கு இது ஒரு டூல்பாருல தருது. டூல்பார் வரலன்னா ஆல்ட் அமுத்துனா மெனு பார் வரும், அதுல ரைட் க்ளிக் பண்ணி டிக் போடணும். இன்னொண்ணு, அடியில ஸ்டேட்டஸ் பார்ல டிரைவ்ல எவ்ளோ இடம் பாக்கின்னு எப்பவும் காட்டறது. ஃபிளெக்ஸ் ஃபைல் சேவ் பண்றவனுக்கு அது பெட்ரோல் முள்ளு மாதிரி.

குறை சொல்லணும்னா, செட்டிங் விண்டோ ஒரு காடு. அவ்ளோ ஆப்ஷனுக்கு நடுவுல ஒரு டிக்க தேட என்னால தனியா முடிஞ்சிருக்காது, பையன் இல்லன்னா எதயாச்சும் அமுத்தி எக்ஸ்ப்ளோரரயே குட்டிச்சுவர் ஆக்கியிருப்பேன். அந்த டூல்பார் ஐக்கானும் 2009லயே நிக்குது, அழகுன்னு சொல்ல முடியாது.

அப்புறம் இது இடது பக்கத்த மட்டும்தான் திருத்துது. வலது பக்கம் ஃபைல் லிஸ்ட்ல 7க்கு இன்னொரு குணம் இருக்கு, புதுசா ஒரு ஃபைல காப்பி பண்ணாலோ பேர் மாத்துனாலோ உடனே அகர வரிசையில எங்க போகணுமோ அங்க ஓடிடும். எக்ஸ்பில அடியிலயே காத்திருக்கும், எஃப்5 அமுத்துனாதான் வரிசைக்கு போகும். நாப்பது போட்டோவுக்கு ஒண்ணொண்ணா பேர் வைக்கும்போது, வச்சது ஓடி போய் ஒளிஞ்சிகினா எரிச்சலா வராதா? அதுக்கு இதுல எனக்கு வழி கெடைக்கல. இப்ப தேதி வாரியா அடுக்கி வச்சிட்டு பேர் மாத்தறேன், அப்ப ஓடறதில்ல. போட்டோ ஃபோல்டர் திறந்ததும் தம்ப்நெயில் ஏற ஏற லிஸ்ட் இழுத்து இழுத்து போகுதே, அதுக்கும் இது மருந்து இல்ல. ஃபோல்டர் ப்ராப்பர்டீஸ்ல கஸ்டமைஸ்னு ஒரு டேப், அதுல எந்த வகைன்னு பொதுவான ஐட்டம்னு மாத்திவிட்டா கொஞ்சம் வேகமாகும், ரொம்ப மோசம்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல தம்ப்நெயிலே வேணாம் ஐக்கான் மட்டும் போதும்னு போட்டுடலாம். எனக்கு படம் பாக்காம கை ஓடாது, அதனால அத செய்யல.

மவுஸ் கதைய முடிச்சிடறேன். பாண்டி தம்பி சொன்னதுல பாதி உண்மைதான், என் பழைய மவுஸ்ல வீல் கொஞ்சம் கெட்டுத்தான் இருந்துது. கீழ உருட்டுனா நடு நடுவுல ஒரு படி மேல போகும். ஆனா அது எல்லா சாஃப்ட்வேர்லயும் நடக்கும், பேஜ்மேக்கர்லயும் ஃபோட்டோஷாப்லயும் கூட, அதுவும் உருட்டும்போது மட்டும். எக்ஸ்ப்ளோரர் எகிறு உருட்டாமயே நடக்கறது. ரெண்டயும் பிரிச்சி பாக்காம ஒரே மூட்டையா கட்டிட்டான், நானும் கட்ட விட்டுட்டேன். பழைய மவுஸ தூக்கி போடாம வச்சிருந்தேன், பையன் அதயும் திறந்தான், அடியில வழுக்கற ஸ்டிக்கருக்கு கீழ ஒளிஞ்சிருந்துது ஸ்க்ரூ. வீலுக்கு பக்கத்துல எண்கோடர்னு ஒரு சின்ன பெட்டி, அதுக்குள்ள மெல்லிசு மெல்லிசா தகடு, அது தொட்டு தொட்டு போறதுலதான் கம்ப்யூட்டருக்கு எந்த பக்கம் உருட்டறோம்னு தெரியுமாம். நம்மூரு உப்பு காத்துக்கு அந்த தகடு கறுத்து போகுது, அதோட என் கடையில பேப்பர் தூளு, ஸ்க்ரீன் பிரின்டிங் பவுடரு. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு இருபது முப்பது தடவ உருட்டுனான், காய வச்சி மாட்டுனான், இப்ப லேப்டாப்புக்கு அதுதான் ஓடுது. புது மவுஸு 400 ரூபாயும் தண்டம்தான்னு ஆச்சி.

விண்டோஸ் 10 லேப்டாப்ல இந்த எகிறு எனக்கு வரல, அதனால அதுல ஓபன் ஷெல் போடல. அங்க இருந்த ஒரே தொல்லை, மவுஸ் எந்த விண்டோ மேல நிக்குதோ அது உருளும், நம்ம வேலை செய்யற விண்டோ சும்மா நிக்கும். செட்டிங்ஸ்ல மவுஸுக்கு போனா, கர்சர் மேல நிக்கிற விண்டோவ உருட்டறதுன்னு ஒரு ஸ்விட்ச், ஆஃப் பண்ணா போச்சி. பக்கத்துலயே ஒரு தடவ உருட்டுனா எத்தன வரி போகணும்னு இருக்கும், மூணுன்னு இருந்தத அஞ்சாக்கிகினேன். இதெல்லாம் சாஃப்ட்வேர் போட வேண்டிய விஷயமே இல்ல.

ஸ்டாரு குடுக்கணும்னா ஓபன் ஷெல்லுக்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு குறைச்சது அந்த செட்டிங் காட்டுக்காக. ஒரு வருஷம் நெருங்குது, ஒரு தடவகூட எக்ஸ்ப்ளோரர் இதனால தொங்கல, மெஷின் வேகத்துலயும் வித்தியாசம் தெரியல. 7 வச்சிகினு லிஸ்ட் எகிறி அவஸ்த படறவங்க தாராளமா போடலாம். லிஸ்ட் கூட வர வேணாம்னு நெனக்கறவங்களுக்கு இதுகூட வேணாம், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல அந்த ஒரு டிக்க எடுத்துட்டா போதும். பாண்டி கடைக்கு ஸ்டார் போடல, ஃபைல தொடாம குடுத்தான், அதுவரைக்கும் சரி.

போன மாசம் அந்த ஆயா மறுபடி வந்துது. மருமக வேற எங்கயோ காதுகுத்து பத்திரிகை அடிச்சி அதுல குலதெய்வம் பேர்லயே எழுத்துப்பிழையாம். இப்ப பேத்திக்கு வளைகாப்பு. நான் எகிறு சரியானத பெருமையா காட்டலாம்னு மானிட்டர அது பக்கம் திருப்பி, 2019அ விரிக்கப் போனேன். ஆயா சேர கொஞ்சம் பின்னால இழுத்து போட்டுகினு, "இருப்பா, முதல்ல அந்த மாலை போட்டதெல்லாம் எங்க வச்சிருக்கியோ அத மூடு, அப்புறம் எங்களுத திற"ன்னுச்சி. மூடிட்டேன்.